நிலம் கிடைத்துவிட்டது, இனி எந்த விதியால் ஆள்வது?

மேசையைச் சுற்றி அமர்ந்து கற்பனை உலக ஆர்.பி.ஜி. (ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) ஆடும் எந்தக் குழுவுக்கும் ஏழாம், எட்டாம் லெவலுக்குள் இந்தக் கட்டம் வந்தே தீரும். பூதங்களை விரட்டிய காட்டை அரசன் பட்டயம் எழுதிக் கொடுத்துவிடுகிறான். அல்லது கேட்பாரற்றுக் கிடந்த கோட்டையைக் குழுவே பிடித்துக்கொள்கிறது. பைகளில் தங்கம் கனக்கிறது, செலவழிக்க வழியில்லை. ஒருவர் சந்தை போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் வரி எவ்வளவு வைக்கலாம் என்று கேட்கிறார். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் அந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது: அரசாட்சிக்குத் தனி விதிகள் தேவையா, தேவையென்றால் எந்தப் புத்தகத்து விதிகள், அவற்றோடு எந்த விருப்ப விதிகளைச் சேர்ப்பது?

இது இன்று முளைத்த ஆசை அல்ல. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை (டி அண்ட் டி) வெளியிட்டபோதே, போர்வீரன் ஒன்பதாம் லெவலில் பிரபுவாகிக் கோட்டை கட்டலாம், சுற்றியிருக்கும் குடிகளிடம் வரி வாங்கலாம் என்று எழுதிவைத்தார்கள். 1984இல் அதற்கு வந்த கம்பேனியன் விதிப் பெட்டியில் ஆட்சிப்பகுதியின் மாத வருமானம், மக்கள் ஆட்சியாளர்மீது வைத்திருக்கும் நம்பிக்கையின் மதிப்பு, படைகள் மோதுவதற்கான வார் மெஷீன் முறை என எல்லாம் இருந்தன. அன்றிலிருந்து தெரிவுகள் பெருகியிருக்கின்றனவே தவிரக் குறையவில்லை. எனவே எது முழுமையானது என்று பார்த்து எடுத்தால் தவறான புத்தகம்தான் கையில் வரும்.

நான் வைத்திருக்கும் உரைகல் வேறு. அந்த விதி மேசையில் வாக்குவாதத்தைக் கிளப்புகிறதா? அல்லது ஒருவர் கல்குலேட்டரோடு ஒதுங்கிவிட, மற்ற நால்வரும் கைபேசியைப் பார்க்கத் தொடங்குகிறார்களா? வாக்குவாதம் வந்தால் அரசாட்சி நடக்கிறது. வராவிட்டால் மாதாந்தக் கணக்கு முடிப்புத்தான் நடக்கிறது, அதை நம்மில் பலர் அலுவலகத்தில் சம்பளத்துக்கே செய்துகொண்டிருக்கிறோம்.

கொழும்பில் ஆடுவோருக்கு இன்னொரு விடயமும் உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி வீட்டில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டுமென்றால், சனி ஞாயிறு பிள்ளைகளின் ரியூஷனுக்கும் கலியாண வீடுகளுக்கும் போய்விடும். எஞ்சுவது மாதாமாதம் பௌர்ணமியில் வரும் போயா தினம். நாடு முழுவதும் விடுமுறை, காலி வீதியில் நெரிசல் குறைவு, யாருக்கும் வேலை இல்லை. மாதம் ஒருமுறை மட்டுமே கூடும் குழுவுக்குப் பொருந்தும் விதியும் வாரம்தோறும் ஆடும் குழுவுக்குப் பொருந்தும் விதியும் ஒன்றல்ல. ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இதைக் கண்டுகொள்வதே இல்லை.

முதலில் நாட்காட்டி

அரசாட்சி விதிகளைத் தேர்ந்தெடுக்குமுன் கால விதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில், அதாவது கேம் மாஸ்டருக்கான புத்தகத்தில், கட்டடங்களுக்கு ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. எல்லைக் காவலரண் ஒன்றுக்கு 15,000 தங்கக் காசும் 100 நாட்களும். சிறு கோட்டைக்கு 50,000 காசும் 400 நாட்களும். அரண்மனைக்கு ஐந்து இலட்சம் காசும் 1,200 நாட்களும். உரிமையாளர் தளத்தில் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் வேலை மூன்று நாள் தள்ளிப்போகும் என்ற நிபந்தனை வேறு.

அதே பதிப்பின் ஓய்வு விதியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீள் ஓய்வு என்று எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் காயம் ஆறிவிடும், மந்திரங்களும் திரும்பிவிடும். அந்தப் புத்தகம் ஒரு நாளுக்கென்று சொல்லும் மோதல் அளவை வைத்து அனுபவப் புள்ளிகளைக் கூட்டினால், ஒரு பாத்திரம் முதலாம் லெவலிலிருந்து இருபதாம் லெவலுக்கு ஏற ஆட்ட உலகில் இரண்டு மாதங்கூட ஆகாது. அத்திவாரம் காய்வதற்குள் கோட்டைக்காரர் அரக்கர் உலகத்தின் அதிபதியோடு மோதப் போய்விட்டிருப்பார். இரண்டு விதிகளும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. ஒன்றையொன்று அறிமுகப்படுத்தி வைக்கத்தான் யாரும் இல்லை.

ஆகவே விருப்ப விதிகளில் முதலில் எடுக்க வேண்டியது அதே புத்தகத்திலுள்ள மெதுவான ஓய்வு விதி. குறும் ஓய்வு எட்டு மணி நேரமாகவும் நீள் ஓய்வு ஏழு நாட்களாகவும் மாறும். ஒரு குகைக்குள் போய் அடிபட்டுத் திரும்பினால் ஒரு வாரம் ஊரில் கிடக்க வேண்டும். அந்த வாரத்தில்தான் அறுவடை வரும், தூதர் வருவார், களவு போன மாட்டைப் பற்றி வழக்கு வரும். இதில் மந்திரவாதி ஆடுபவர் நியாயமாகவே முகம் சுளிப்பார். எட்டு மணி நேரம் நிற்கும் காப்பு மந்திரம் எல்லாம் அவருக்கு வீணாகிவிடும். இதற்கு எங்கள் மேசையில் ஒரு சலுகை வைத்திருக்கிறோம்: தம் ஆட்சிக்குட்பட்ட மதில்களுக்குள் தூங்கினால் பழைய எட்டு மணி நேர நீள் ஓய்வே செல்லும், வெளியே தூங்கினால் ஏழு நாள். இந்த ஒரு வரியால் நிலத்துக்கு வந்த மதிப்பை எந்த வரி அட்டவணையும் தரவில்லை. எல்லையில் இன்னொரு காவலரண் வேண்டும் என்று மந்திரவாதியே இப்போது முதலில் கேட்கிறார்.

அந்தக் கைடில் கவனிக்கத்தக்க இன்னொரு விருப்ப விதி, கூட வரும் துணைப் பாத்திரங்களின் விசுவாச மதிப்பு. கேம் மாஸ்டர் அதை இரகசியமாக வைத்திருப்பார். அதன் உச்சவரம்பு குழுவிலேயே அதிகமான கவர்ச்சித் திறன் யாரிடமோ அவருடைய எண். அமைச்சர்களையும் தளபதிகளையும் இதைக் கொண்டு நடத்தலாம். அவமதிக்கப்பட்ட தளபதியின் மதிப்பு பூச்சியத்தை நோக்கி இறங்குவது ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாது என்பதில்தான் சுவை. கௌரவ மதிப்பு, நீடிக்கும் காயங்கள், பக்கவாட்டுத் தாக்குதல் போன்றவை அரசாட்சிக்கு எதையும் சேர்ப்பதில்லை. அவற்றை வேறு காரணத்துக்காக வேண்டுமானால் எடுங்கள்.

ஆளுக்கொரு பாஸ்டியன்

2024இல் வந்த புதிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் பாஸ்டியன் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஐந்தாம் லெவலில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சொந்தமாக ஓர் இடம். அதில் இரண்டு சிறப்பு வசதிகள், ஒன்பதில் நான்கு, பதின்மூன்றில் ஐந்து, பதினேழில் ஆறு. ஆட்ட உலகில் ஏழு நாட்களுக்கு ஒரு சுற்று. பட்டறைக்குச் செய்யச் சொல்லலாம், நூலகத்துக்குத் தேடச் சொல்லலாம், தோட்டத்தில் பறிக்கச் சொல்லலாம். கட்டளை எதுவும் தராமல் 'பராமரிப்பு' என்று விட்டால்தான் எதிர்பாராத நிகழ்வுக்கான பகடை உருட்டப்படும்.

வேலை சுத்தம். ஒரு தாளில் முடிந்துவிடும், யாருக்கும் தலைவலி இல்லை, வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் கட்டளையை அனுப்பிவிடலாம். மாதம் ஒருமுறை கூடுவோருக்கு இது பெரிய வசதி. ஆனால் என் உரைகல்லில் இது தேறவில்லை. உன் கோட்டை உன்னுடையது, என் கோட்டை என்னுடையது என்றான பிறகு எதற்காக வாதாடுவது? குடிகள் இல்லை, வரி இல்லை, அயல்நாடு இல்லை. பாஸ்டியன் அரசாட்சி விதி அல்ல, வீட்டு வசதி விதி. அரசாள ஆசையில்லாத, ஆனால் தங்கத்தைக் கொட்ட இடம் தேடும் குழுவுக்கு இதைவிட நல்லது இல்லை. அந்தக் குழுக்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு நிம்மதியாக ஆடலாம்.

கிங்மேக்கர், கணக்கப்பிள்ளையின் சொர்க்கம்

அரசாட்சி என்றதும் எல்லோரும் நீட்டும் விரல் பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆர்.பி.ஜி.யை நோக்கித்தான். பைசோ நிறுவனம் 2010இல் அதற்குக் கிங்மேக்கர் என்ற ஆறு பாகச் சாகசத் தொடரை வெளியிட்டது. அதன் அரசு விதிகளைத் திருத்தி விரித்து 2013இல் அல்டிமேட் கேம்பெயின் புத்தகத்தில் சேர்த்தது. 2018இல் வந்த கணினி விளையாட்டால்தான் இங்கே பலருக்கு அந்தப் பெயரே தெரியும்.

முறை இதுதான். நாடு பன்னிரண்டு மைல் அகல அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. அரசுக்குப் பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை என மூன்று மதிப்புகள். இவற்றைக் கீழே இழுப்பது அமைதியின்மை. மாதம் ஒரு சுற்று, சுற்றுக்கு நான்கு படிகள்: பராமரிப்பு, ஆணை, வருமானம், நிகழ்வு. எல்லாச் செலவும் கட்டுமானப் புள்ளியில். பகடையோடு பொருளாதார மதிப்பைக் கூட்டும் சோதனையில் வந்த தொகையை மூன்றால் வகுத்தால் அந்த மாத வருமானம். அமைதியின்மை பதினொன்றைத் தொட்டால் நிலம் கையை விட்டுப் போகத் தொடங்கும், இருபதைத் தொட்டால் அராஜகம். பதவியில் இருப்பவர் மாதத்தில் ஏழு நாளாவது அந்தக் கடமையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதவி காலியாக இருப்பதாகவே கணக்கு.

இது எங்கே பலிக்கிறது என்பதை எங்கள் மேசையிலிருந்தே காட்டலாம். கருவூலத்தில் ஏழு புள்ளிகள் இருந்தன. படைமுகாமுக்கு ஆறு, வீடு ஒன்றுக்கு மூன்று, சிறு கோயிலுக்கு எட்டு. தளபதிக்கு முகாம் வேண்டும். பொருளாளராக இருந்த நண்பர் இரண்டு வீடு கட்டி அமைதியின்மையைக் குறைக்கலாம் என்றார். பூசாரி ஆடிய தங்கைக்குக் கோயில்தான் வேண்டும், ஒரு புள்ளி குறைகிறது. விதிப்படி சொந்தப் பணத்தில் 4,000 தங்கக் காசைக் கருவூலத்தில் போட்டால் ஒரு புள்ளி கிடைக்கும். தளபதியிடம் அந்தப் பணம் இருந்தது, மந்திர வாள் வாங்கச் சேர்த்தது. "அண்ணை, வாளை அடுத்த மாதம் வாங்கலாம், சனங்கள் அடுத்த மாதம்வரை காத்திருக்க மாட்டார்கள்" என்று அவள் தொடங்க, தேநீர் ஆறிப்போகும்வரை வாதம் நடந்தது. கடைசியில் தளபதி பணத்தைக் கொடுத்தார், கோயில் வாசலில் தன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு பூதமும் சாகாத அமர்வு அது.

கருவூலத்திலிருந்து சொந்தச் செலவுக்கு எடுப்பதற்கும் வழி உண்டு, ஆனால் ஒரு புள்ளிக்கு 2,000 காசுதான் தேறும். எடுத்த புள்ளி ஒவ்வொன்றுக்கும் அமைதியின்மை ஒன்று ஏறும். உள்ளே போகும்போது நாலாயிரம், வெளியே வரும்போது இரண்டாயிரமும் கெட்ட பெயரும். பொதுப் பணத்தில் கை வைப்பதை இவ்வளவு சிக்கனமாக விதியாக்கிய வேறு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

குறை பிற்பாடு தெரியும். கட்டடம் ஒவ்வொன்றும் மூன்று மதிப்புகளில் ஏதாவதொன்றை உயர்த்திக்கொண்டே போகும். சோதனைகளில் எட்ட வேண்டிய கட்டுப்பாட்டு எண்ணோ இருபதோடு நிலக் கட்டங்களையும் நகர வட்டாரங்களையும் கூட்டியது, அது மெதுவாகத்தான் ஏறும். ஆட்ட உலகில் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு கழிந்தால் பகடையில் ஒன்று விழுந்தால் மட்டுமே தோல்வி என்ற நிலை வந்துவிடும். அதன் பிறகு நான்கு படிகளையும் நடத்துவது சடங்கு. பொருளாளர் எக்செல் தாளோடு உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் ரோல்ஸ் எடுக்கக் குசினிக்குப் போய்விடுவார்கள். 2010ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் மோசம்; கடைகளில் உருவாகும் மந்திரப் பொருட்களை மாதாமாதம் விற்றே கருவூலத்தை நிரப்பிவிடலாம். அந்தப் பழைய பதிப்பு கையில் இருந்தால் அதன் கதையை எடுத்துக்கொண்டு விதியை 2013இலிருந்து எடுங்கள்.

இன்னொரு குறை நம் கண்ணுக்குத்தான் உடனே படும். அந்த விதிகளில் பண்ணை வைத்தால் நாட்டின் நுகர்வு பன்னிரண்டு மாதமும் ஒரேயளவாகக் குறைகிறது. மழை எப்போது பெய்கிறது என்ற கேள்வியே இல்லை. நாங்கள் ஆடும் நாடு வன்னியை மனத்தில் வைத்து வரைந்தது: குளங்கள், காடு, யாழ்ப்பாண அரசுக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்த வன்னிமைகளைப் போன்ற சிற்றரசர்கள். அங்கே பண்ணையின் பலனைப் பெரும்போக, சிறுபோக அறுவடை மாதங்களில் மொத்தமாகக் கொடுத்து, இடைப்பட்ட மாதங்களில் கொடுக்காமல் விட்டோம். குளம் உள்ள கட்டத்துக்கு மட்டும் இரண்டு போகம், மற்றவற்றுக்கு ஒன்று. உடனே யார் குளம் யாருக்கு என்பது போர்க் காரணமாகிவிட்டது. அயல் சிற்றரசன் யானையைத் திறையாக அனுப்புவதற்குப் பதிலாகத் தண்ணீரைக் கேட்டபோது, சபை இரண்டாகப் பிரிந்தது.

பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்புக்காக 2022இல் வந்த கிங்மேக்கர் 640 பக்கப் பெரும் புத்தகம். அரசுக்கே இருபது லெவல், பதினாறு திறன்கள், எட்டுத் தலைமைப் பதவிகள். மதிப்புகளும் பண்பாடு, பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை என நான்கு. அவற்றை அரிப்பதற்கு ஊழல், குற்றம், சிதைவு, பூசல் என நான்கு சீரழிவுகள். பெயர்களைக் கேட்கும்போது நாக்கில் நீர் ஊறும். மேசையில் வைத்தால் அரசு தன் முதல் லெவல்களில் எதைத் தொட்டாலும் தோற்கிறது, ஒரு சுற்றுக்கு ஒரு மாலையே போகிறது. ஆடுபவர்கள் பலர் தாங்களே திருத்திய விதிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அரசைப் பின்னணியில் ஓடவிட்டுவிட்டுக் கதையை மட்டும் ஆடவும் அந்தப் புத்தகமே வழி தருகிறது. எழுதியவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வேறு சில, சுருக்கமாக

1995இல் வந்த பர்த்ரைட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தனி ஆட்சியாளர். மூன்று மாதத்துக்கு ஓர் ஆட்சிச் சுற்று, அதற்குள் மாதத்துக்கொன்றாக மூன்று செயற்சுற்றுகள். ஒரே மாகாணத்தில் சட்டம் ஒருவரிடமும் கோயில் இன்னொருவரிடமும் வணிகச் சங்கம் மூன்றாமவரிடமும் இருக்கலாம். வாக்குவாதத்துக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடையாது. ஆனால் அது கட்டப்பட்டிருப்பது பழைய இரண்டாம் பதிப்பு டி அண்ட் டியின் மேல். அந்த அதிகாரப் பகுப்பை மட்டும் திருடிக்கொள்ளுங்கள்.

கிரெக் ஸ்டாஃபர்டின் பென்டிராகன், 1985இல் வந்தது, வேறு வழியில் போகிறது. ஆண்டுக்கு ஒரு சாகசம், பிறகு குளிர்காலக் கட்டம்: விளைச்சல், குதிரை உயிரோடு இருக்கிறதா, பிள்ளை பிறந்ததா, வயது ஏறியதில் எந்தத் திறன் குறைந்தது. நாட்டை அல்ல, ஒரு வம்சத்தை ஆள்கிறீர்கள். மாதம் ஒருமுறை ஆடுவோருக்கு அமர்வுக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கு அழகாகப் பொருந்தும். ஆர்தர் மன்னனின் பிரித்தானியாவில் மனம் ஒட்டவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

2007இல் கிரெக் ஸ்டோல்ஸே எழுதிய ரெய்ன், நாடோ கடற்கொள்ளைக் கூட்டமோ எதுவானாலும் வலிமை, செல்வம், செல்வாக்கு, நிலப்பரப்பு, இறைமை என ஐந்து எண்களில் அடக்கிவிடுகிறது. பாத்திரங்கள் வெளியே போய்ச் சாதித்தது நாட்டின் பகடைக்கு உதவியாக வந்து சேரும். இது மிகச் சரியான சிந்தனை: அரசாட்சி விதி வீரர்களை வீட்டை விட்டு வெளியே அனுப்ப வேண்டும். 2013இல் வந்த த குவயட் இயர் அரசாட்சிக்கு முந்திய ஆட்டம். ஐம்பத்திரண்டு சீட்டுகள், ஐம்பத்திரண்டு வாரங்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு குடியேற்றத்தின் வரைபடத்தை வரைகிறார்கள். தொடர் தொடங்குமுன் ஒரு மாலை இதை ஆடினால், பின்னால் ஆளப்போகும் ஊரின் கிணறும் பகையும் ஏற்கெனவே மேசைக்குச் சொந்தமாகியிருக்கும்.

கேம் மாஸ்டர் தனியே உருட்டும் சுற்று

கெவின் கிராஃபோர்ட் எழுதும் வித்அவுட் நம்பர் ஆட்டங்களில் ஓர் எளிய வழி இருக்கிறது. நாட்டை ஆட்டக்காரர் நடத்துவதற்கு முன், நாட்டைச் சுற்றியுள்ளவர்களைக் கேம் மாஸ்டர் நடத்துகிறார். ஒவ்வோர் அணிக்கும் தந்திரம், படைபலம், செல்வம் என மூன்று எண்கள், சில உடைமைகள், ஓர் இலக்கு. ஆட்ட உலகில் மாதத்துக்கொன்று என்ற அளவில், அமர்வுகளுக்கு இடையே, கேம் மாஸ்டர் வீட்டிலிருந்தே சுற்றை உருட்டிவிடலாம். விளைவு அடுத்த அமர்வில் செய்தியாக வருகிறது: வடக்கே வணிகர் சங்கம் துறைமுகத்தை வாங்கிவிட்டது, கிழக்கே கூலிப்படை இரண்டாகப் பிளந்துவிட்டது.

கணக்கு வேலை ஒருவருக்கு, அதுவும் மேசைக்கு வெளியே. மேசைக்கு வருவது முடிவெடுக்க வேண்டிய செய்தி மட்டும். வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு ரயிலில் போய்வரும் நேரத்தில் இந்தச் சுற்றை முடித்துவிடலாம், இருக்கை கிடைத்தால். ஐந்து அணிகளுக்கு மேல் வைத்தால் மட்டும் சுமை ஏறும். இதன் குறை, ஆட்டக்காரர்களின் சொந்த நாட்டை இதே எண்களில் வைத்தால் அது சதுரங்கக் காயாகிவிடும். குடிகளின் முகம் தெரியாது.

ஆறு எண்களில் ஓர் அரசு

அந்த இடைவெளிக்கு நாங்கள் வைத்திருப்பது எந்த வெளியீட்டிலும் இல்லாதது. படை, குடி, கூழ் (உணவும் செல்வமும்), அமைச்சு, நட்பு, அரண் என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த குறளின் ஆறு உறுப்புகளையே மதிப்புகளாக எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண். போயாவுக்கு ஒரு சபை. ஒரு சபையில் இரண்டு காரியங்கள் மட்டுமே செய்யலாம், ஆனால் மேசையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். வாக்குவாதம் வருவதற்கு வேறு பொறி எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு காரியத்துக்கு ஆறுபக்கப் பகடை ஒன்று. தொடர்புடைய உறுப்பின் எண் அல்லது அதற்குக் கீழே விழுந்தால் இழப்பின்றி நிறைவேறும். தவறினால் காரியம் நடக்கும், ஆனால் சபை தெரிவுசெய்யும் வேறோர் உறுப்பு ஒன்றால் குறையும். எந்த உறுப்பைக் குறைப்பது என்பதற்கும் சண்டை. ஏதாவதொன்றை உயர்த்த வேண்டுமென்றால் பகடை போதாது, அதற்காக ஒரு சாகசம் போய்வர வேண்டும்: நட்பு உயர வேண்டுமா, சிற்றரசனின் கடத்தப்பட்ட மகளைத் தேடுங்கள், கூழ் உயர வேண்டுமா, உடைந்த அணைக்கட்டுக்குள் குடியிருக்கும் நாகத்தை விரட்டுங்கள். சபை முழுக்க அரை மணி நேரம். மீதி நாள் காட்டுக்குள்.

கட்டடப் பட்டியல் வேண்டும், வரைபடத்தில் வீடு வீடாக ஒட்ட வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு இது சப்பென்று இருக்கும். எங்கள் பொருளாளர் அப்படித்தான் சொன்னார்.

எடுப்பது எதை

பணத்தையும் பேசிவிட வேண்டும். டாலர் முந்நூறு ரூபாய் அளவில் இருக்கும் நாட்டில், நூறு டாலர் மதிப்புப் போட்ட இரண்டாம் பதிப்புக் கிங்மேக்கரைத் தருவிக்கக் கப்பல் கட்டணத்துக்கு முன்னரே முப்பதாயிரம் ரூபாய் வேண்டும். அதே பணத்தில் குழுவே பல மாத அமர்வுகளுக்குச் சாப்பிடலாம். பாத்ஃபைண்டர் முதற் பதிப்பின் அரசு விதிகள் திறந்த உரிமத்தில் இணையத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கின்றன. வேர்ல்ட்ஸ் வித்அவுட் நம்பருக்கும் இலவசப் பதிப்பு உண்டு, அணிச் சுற்று அதிலேயே இருக்கிறது. அறுகோண வரைபடத்தை எந்தப் போட்டோக் கொப்பிக் கடையிலும் ஏ3 தாளில் அச்சிட்டு லேமினேட் செய்துகொள்ளலாம். அழித்தெழுதும் பேனா போதும்.

வாரம்தோறும் ஆடுகிறீர்கள், குழுவில் கணக்கை இரசிக்கும் ஒருவராவது இருக்கிறார் என்றால், அல்டிமேட் கேம்பெயினை எடுங்கள். அதைப் பத்துப் பதினைந்து நிலக் கட்டங்கள் வரை முழுமையாக ஆடுங்கள், ஏனென்றால் அந்த வறுமைக் காலத்தில்தான் எட்டுப் புள்ளிக் கோயிலுக்கு ஒரு புள்ளி குறைவதுபோன்ற மாலைகள் கிடைக்கும். மாதம் ஒருமுறை கூடுகிறீர்கள் என்றால் அதை எடுக்கவே வேண்டாம். போன சுற்றில் என்ன கட்டினோம் என்பதை நினைவுபடுத்தவே மதியமாகிவிடும். மெதுவான ஓய்வு, கேம் மாஸ்டர் கையில் அணிச் சுற்று, மேசையில் ஆறு எண்கள் என்ற சேர்க்கையையே சொல்வேன். நில ஆசை இல்லாமல் வீடு மட்டும் வேண்டும் என்பவர்களுக்குப் பாஸ்டியன். ஒருவரையொருவர் கவிழ்க்கும் அளவுக்கு நட்பு உறுதியாக இருந்தால் பர்த்ரைட்டின் பகுப்பு. பாத்திரங்கள் முதுமையடைவதைப் பார்க்க விரும்பினால் பென்டிராகன்.

ஏற்கெனவே கிங்மேக்கர் தாளோடு நடுவழியில் நிற்பவர்கள் தொடரைக் கலைக்க வேண்டியதில்லை. வரைபடம், கட்டிய கட்டடங்கள், பதவிகள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு எண்களை மட்டும் மாற்றலாம். மூன்று மதிப்புகளில் அதிகமானது எதுவோ அதற்கு நெருங்கிய உறுப்புக்கு நான்கு: பொருளாதாரம் என்றால் கூழ், விசுவாசம் என்றால் குடி, நிலைத்தன்மை என்றால் அரண். மிகக் குறைந்ததற்கு இரண்டு, மற்றவை மூன்று. அமைதியின்மை ஐந்துக்கு மேல் இருந்தால் குடியில் ஒன்றைக் குறையுங்கள். கருவூலத்தில் எஞ்சிய கட்டுமானப் புள்ளிகளை என்ன செய்வது என்பதை முதல் சபையின் முதல் காரியமாக வைத்துவிடுங்கள். பொருளாளர் நிச்சயம் ஏதாவது சொல்வார்.